சோலை ஆய்வுக்கு எந்தச் சிறு நல்கை? நீலகிரி, பழனி மலைக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

காட்டுயிர் ஆய்வுக்குச் சிறு நல்கை, அதாவது சிறிய அளவில் பண உதவி, தேடுகிறவர்கள் பெரும்பாலும் தொகையைப் பார்த்தே பட்டியல் போடுகிறார்கள். 25,000 டாலர் மேலே இருக்கும், சில ஆயிரம் ரூபாய் கீழே கிடக்கும். இந்த வரிசையை நம்பி இறங்க வேண்டாம். நம் மலைகளில் ஓராண்டு ஆய்வு ஒன்று பணம் குறைந்து நின்றுபோவது அரிது. வந்த பணத்தைச் சட்டப்படி வாங்க வழியில்லாமல் நிற்கும்; பணம் வந்த மாதத்தில் வனத்துறை அனுமதி வராமல் நிற்கும்; அனுமதி வரும்போது பறவை கூடு கட்டி முடித்திருக்கும். ஆகவே இங்கே மூன்று கேள்விகளை வைத்துத்தான் ஒப்பிடுகிறோம். இந்தப் பணத்தை யார் வாங்கலாம்? எப்போது கைக்கு வரும்? எதற்குச் செலவழிக்க விடுவார்கள்?

முதலில் செலவுக் கணக்கு

கையில் கணக்கு இல்லாமல் நல்கைகளை ஒப்பிட முடியாது. ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். கோத்தகிரி, குன்னூர் வட்டாரத்தில் தேயிலைக்கு நடுவே மிஞ்சியிருக்கும் சோலைத் துண்டுகளில், அதாவது உயர்மலைப் பசுமைமாறாக் காட்டின் மிச்சங்களில், நீலகிரி சிரிப்பான் என்ற பறவை எங்கெங்கே தங்கியிருக்கிறது, துண்டு சிறுக்கச் சிறுக்க அதன் குரல் குறைகிறதா என்பது கேள்வி. இதே ஆய்வைக் கொடைக்கானல் பக்கம் பாம்பார் சோலை, டைகர் சோலை, வட்டக்கானல் என்று வைத்துப் பழனி சிரிப்பானுக்கும் செய்யலாம். பத்து இடங்கள், பத்துத் தானியங்கி ஒலிப்பதிவுக் கருவிகள், ஆண்டில் இரண்டு பருவம், பருவத்துக்கு 15 நாள், நாளுக்கு 4 மணி நேரப் பதிவு.

கருவி ஒன்று, உறை, வரி எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் என்று வைத்தால் பத்துக்கு 1,20,000. உள்ளூர்க் கள உதவியாளருக்கு நாளுக்கு 900 வீதம் 60 நாளுக்கு 54,000. இருசக்கர வாகனப் பெட்ரோல் 15,000. மெமரி கார்டு 6,000, வன்தட்டு இரண்டு 11,000, ரீசார்ஜ் பேட்டரியும் சார்ஜரும் 8,000. இருவருக்கும் விபத்துக் காப்பீடு 5,000. மழைக்கோட்டு, அட்டைப்பூச்சி ஏறாத காலுறை 4,000. ஊர்க் கூட்டம், தமிழில் அறிக்கை அச்சடிப்பு 10,000. கூட்டினால் 2,33,000. எதிர்பாராச் செலவுக்கு 10 சதவீதம் சேர்த்தால் 2,56,300. ஆய்வாளருக்கே மாதம் 20,000 வீதம் ஓராண்டுக்கு உதவித்தொகை வேண்டுமென்றால் இன்னும் 2,40,000. ஆக மொத்தம் 4,96,300.

இதில் இரண்டு வரிகளைத்தான் பலர் தவறாகப் போடுகிறார்கள். ஒன்று, தரவுச் சேமிப்பு. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றை வழிப் பதிவு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 346 எம்பி எடுக்கும். பத்துக் கருவி, நாளுக்கு 4 மணி, 30 நாள் என்றால் 1,200 மணி நேரம். கிட்டத்தட்ட 415 ஜிபி. 1 டிபி வன்தட்டு இரண்டு வாங்கி, ஒன்றை வேறொரு வீட்டில் வைக்க வேண்டும். இந்தக் கணக்கை விண்ணப்பத்தில் ஒரு வரியாக எழுதினாலே, இவர் இந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர் என்று மதிப்பீட்டாளருக்குப் புரிந்துவிடும்.

இன்னொன்று, கள உதவியாளர் கூலி. இருளர், குறும்பர், பளியர் இளைஞர்களை அழைத்துக்கொண்டு அவர்கள் காட்டறிவின் மேல்தான் பாதி ஆய்வு நிற்கும். பட்ஜெட்டிலோ கருவிக்கு லட்சம், அவர்களுக்குச் சில ஆயிரம். இது நியாயமில்லை. ஆய்வுக்கும் நல்லதில்லை: கூலி குறைந்தால் பச்சைத் தேயிலை பறிக்கும் நாட்களில் ஆள் வரமாட்டார், பதிவில் ஓட்டை விழும். காப்பீட்டு வரியையும் விட்டுவிடாதீர்கள். விடிவதற்கு முன் நடக்கிறோம். அந்த நேரம் காட்டெருமையும் கரடியும் தோட்டத்துப் பாதையில்தான் இருக்கும்.

வெளிநாட்டு நல்கைகள்: ரஃபோர்டு, முகமது பின் சயீத், ஐடியா வைல்டு

இங்கிலாந்தின் ரஃபோர்டு அறக்கட்டளைதான் இந்திய இளம் ஆய்வாளர்கள் அதிகம் நாடும் இடம். முதல் நல்கை நெடுங்காலம் 5,000 பவுண்டு, பிறகு 6,000 என்ற அளவில் இருந்துவந்தது. பவுண்டு 110 ரூபாய் என்று வைத்தால் 6,000 பவுண்டு 6,60,000 ரூபாய். நம் மாதிரி ஆய்வு முழுவதும், ஆய்வாளர் உதவித்தொகை உட்பட, இதற்குள் அடங்கும். முதல் நல்கையை ஒழுங்காக முடித்தவர்கள் இரண்டாவது, அதற்கு மேல் என்று படிப்படியாகக் கேட்கலாம். ஒரே இடத்தில் ஐந்தாறு ஆண்டு வேலை செய்ய நினைப்பவர்களுக்கு இதைப் போல ஒத்துவருவது வேறில்லை.

அவர்கள் வெறும் கல்வி ஆய்வுக்குப் பணம் தருவதில்லை. பாதுகாப்புக்கு என்ன பயன் என்று கேட்பார்கள். பரிந்துரையாளர்கள் மூவர் வேண்டும். பெரும்பாலான விண்ணப்பங்கள் வலுவிழப்பது இங்கேதான். வழிகாட்டி, அதே துறையில் இன்னொரு பேராசிரியர், அதே கல்லூரி முதல்வர் என்று மூன்று பெயர் கொடுத்தால் மூவரும் ஒரே கடிதத்தைத்தான் எழுதுவார்கள். கற்பித்தவர் ஒருவர், அந்தப் பறவையையோ தவளையையோ ஆய்ந்த வெளியாள் ஒருவர், களத்தில் உங்களைப் பார்த்த அமைப்பாளர் ஒருவர் என்று பிரித்துக் கொடுங்கள். மூவருக்கும் திட்டச் சுருக்கத்தை முன்கூட்டியே அனுப்பி, மின்னஞ்சல் வரும் என்று தொலைபேசியிலும் சொல்லிவிடுங்கள்.

அபுதாபியிலிருந்து இயங்கும் முகமது பின் சயீத் இனப் பாதுகாப்பு நிதி வேறு வகை. இங்கே எல்லாமே ஓர் இனத்தைச் சுற்றித்தான். 25,000 டாலர் வரை என்ற உச்சவரம்போடு வந்த நிதி. ஆனால் அந்த வரம்பைப் பார்த்து பட்ஜெட்டை ஊதிப் பெருக்க வேண்டாம். சிறிய, சரியாகக் கணக்கிட்ட கோரிக்கைகளுக்கு இதில் நல்ல இடம் உண்டு. ‘சோலைக்காட்டுப் பல்லுயிர் வளம்’ என்று எழுதினால் இங்கே எடுபடாது. 2008இல் விவரிக்கப்பட்ட, பழனி மலைப் பகுதி ஓடைகளில் வாழும் கேட்டிக்சாலஸ் ஆஸ்டெராப்ஸ் தவளை, அழிந்ததாகக் கருதப்பட்டு வட்டக்கானல் பக்கம் மீண்டும் கண்டெடுக்கப்பட்ட எலியோகார்பஸ் பிளாஸ்கோய் மரம் ஆகியவைதான் இந்த நிதிக்குப் பொருத்தமான பொருள்கள். வாழிடம் குறுகியது, எண்ணிக்கை குறைவு, செய்ய வேண்டியது தெளிவு. தாவரத்துக்கும் பூச்சிக்கும் தனியாக நிதி கேட்கத் தயங்குகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் ஐடியா வைல்டு பணம் தருவதில்லை. சுமார் 1,500 டாலர் மதிப்பு வரை கருவியாகவே தரும். டாலர் 85 ரூபாய் என்றால் நம் கணக்கில் உள்ள கருவி வரி, அதாவது 1,20,000 ரூபாய், ஏறக்குறைய 1,400 டாலர், அப்படியே பொருந்துகிறது. ஒரு பைனாகுலர், பத்து ஒலிப்பதிவுக் கருவி, நான்கு கேமரா டிராப் என்று தெளிவாகத் தெரிந்தவர்களுக்கு நல்ல வழி. ஆனால் கூலிக்கும் பெட்ரோலுக்கும் இதில் ஒரு ரூபாய் கிடையாது. சுங்க வரியும் விமான நிலையத்தில் பார்சல் கிடக்கும் நாட்களும் உங்கள் தலையில். ட்ரோன் கேட்கவே கேட்காதீர்கள்: 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குப் பொதுவாகத் தடை. செயற்கைக்கோள் வழிச் செய்திக் கருவியை உரிமமின்றி வைத்திருப்பதும் இங்கே குற்றம். வெளிநாட்டு நண்பர் அன்போடு கொண்டுவந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எஃப்சிஆர்ஏ: இங்கேதான் கதவு திறக்கும், மூடும்

மேலே சொன்ன மூன்றுக்கும் பொதுவான கதவு, 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் (எஃப்சிஆர்ஏ). எந்த நல்கை என்று முடிவெடுப்பதில் இதற்கு இருக்கும் எடை வேறெதற்கும் இல்லை. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஒரு கல்வி, சமூக நோக்கத் திட்டத்துக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வாங்க வேண்டுமானால் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவு கேட்கும் அமைப்பு மூன்று ஆண்டு செயல்பட்டிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் தன் முதன்மைப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். போன வருடம் தொடங்கிய மலையேற்றக் குழுவுக்கோ பறவை நோக்கர் சங்கத்துக்கோ இது எட்டாது. முன் அனுமதி என்றால், குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட தொகை, அவர் எழுதிக்கொடுத்த உறுதிக் கடிதம் என்று ஒரே ஒரு திட்டத்துக்குக் கேட்பது. வழி இருக்கிறது, ஆனால் நேரம் பிடிக்கும். 12 மாத ஆய்வுக்கு முன் இதைக் கணக்கில் வைத்தே ஆக வேண்டும்.

ஆகவே பெரும்பாலோர், பதிவு உள்ள ஓர் அமைப்பின் வழியாகப் பணம் பெறுகிறார்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு இதில் ஒரு பெரிய மாற்றம். பதிவு பெற்ற அமைப்பு தான் வாங்கிய வெளிநாட்டு நன்கொடையை இன்னொருவருக்கோ இன்னொரு அமைப்புக்கோ மாற்றிக் கொடுக்கக் கூடாது. ‘உங்கள் கணக்கில் வாங்கி எங்கள் சங்கத்துக்கு அனுப்பிவிடுங்கள்’ என்ற பழைய ஏற்பாடு இன்று சட்டமீறல். அந்த ஆய்வு அந்த அமைப்பின் சொந்தத் திட்டமாகவே நடக்க வேண்டும். ஆய்வாளர் அதன் பணியாளராகவோ ஆலோசகராகவோ சேர வேண்டும், கருவி அதன் பெயரில் வாங்கப்பட வேண்டும், பில் எல்லாம் அதன் பெயரில் இருக்க வேண்டும். ஆலோசகர் கட்டணமாகத் தந்தால் 10 சதவீதம் வரிப் பிடித்தம் இருக்கும். உங்கள் 20,000 கைக்கு வரும்போது 18,000 ஆகும். இதை விண்ணப்பம் எழுதும் முன்பே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆய்வு முடிந்த பிறகு கருவி யாருக்கு, தரவு யாருக்கு, கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி இருதரப்பும் கையெழுத்திடுங்கள்.

அதே திருத்தம் நிர்வாகச் செலவு வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20க்குக் குறைத்தது. கள ஆய்வாளர் சம்பளமெல்லாம் நிர்வாகச் செலவில் போய்விடும் என்று சில கணக்காளர்கள் பயந்து மறுத்துவிடுகிறார்கள். ஆய்வையோ பயிற்சியையோ முதன்மைப் பணியாகக் கொண்ட அமைப்பில், களத் தரவு சேகரிப்பவர், பகுத்தாய்பவர் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது என்று விதியிலேயே இருக்கிறது. கணக்காளரிடம் இந்த விதியை எடுத்துக் காட்டுங்கள்.

அமைப்பு தன் பங்காக 10 சதவீதம் எடுத்தால், நம் 4,96,300 ரூபாய் 5,45,930 ஆகும். ரஃபோர்டின் 6,60,000க்குள் அடங்குகிறது. ஆனால் இந்த 10 சதவீதத்தை நீங்கள் பட்ஜெட்டில் போடாமல் விட்டால், அது கள உதவியாளர் கூலியில்தான் வெட்டு விழும்.

கருவியாக வந்தால் இந்தச் சட்டம் தொடாது என்று நினைப்பது தவறு. சொந்த உபயோகத்துக்கான சிறு பரிசுக்குத்தான் விலக்கு. திட்டத்துக்காக வரும் பொருளும் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு நன்கொடையே. ஐடியா வைல்டு விண்ணப்பத்தையும் பதிவு உள்ள அமைப்பின் வழியே அனுப்புவதுதான் பாதுகாப்பு.

பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு கதவு உண்டு. மத்திய, மாநிலச் சட்டத்தால் அமைந்து, கணக்குகளை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தணிக்கை செய்தாக வேண்டிய அமைப்புகளுக்கு விலக்கு இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் இந்த வகையில் வருமா என்று நிதி அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் நம்ப வேண்டாம்.

உள்நாட்டுப் பணம்

இந்திய அறக்கட்டளைப் பணத்துக்கு மேலே சொன்ன எந்தச் சிக்கலும் இல்லை. தொகை சற்றுக் குறைந்தாலும், முதல் ஆய்வுக்கு இதையே முதலில் தேட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

2018இல் தொடங்கிய தி ஹேபிடட்ஸ் டிரஸ்ட், அதிகம் பேசப்படாத இனங்களுக்கும் வாழிடங்களுக்கும் நல்கை தருவதைத் தன் அடையாளமாகக் கொண்டது. புலி, யானைக்குப் பணம் எப்படியும் வரும். நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவைக்கும், முக்கூர்த்திப் புல்வெளியின் ஓடைத் தவளைக்கும், பழனி மலையின் குழிவிரியன் பாம்புக்கும் யார் தருவார்கள்? அந்த வகையில் நம் மலைகளுக்கு இது மிகப் பொருந்தும். ஆனால் போட்டி தேசிய அளவில். செயல்பாட்டுத் திட்டம் தெளிவாக உள்ள அமைப்புகளோடு மோத வேண்டும். முதலாண்டு மாணவர் தனியாக நிற்பது கடினம்.

ரவி சங்கரன் பெயரில் இன்லாக்ஸ் அறக்கட்டளை நடத்தும் திட்டம் இளையவர்களுக்கானது. ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மையத்தின் இயக்குநராக இருந்து 2009இல் மறைந்தவர் அவர். கள ஆய்வாளர்களை வளர்த்தெடுப்பதே இதன் நோக்கம். கேள்வி கூர்மையாக இருக்கிறதா என்பதைத்தான் இங்கே பார்ப்பார்கள். கருவிப் பட்டியல் பெரிதாக இருந்து கேள்வி மங்கலாக இருந்தால் தேறாது.

இந்திய வனவிலங்கு அறக்கட்டளையின் துரித நடவடிக்கைத் திட்டம் ஆய்வுக்கானது அன்று, அவசரத்துக்கானது. காட்டுத்தீ, சாலையில் அடிபடும் விலங்கு, சுருக்குக்கம்பி என்று சில மாதங்களில் முடியும் தலையீட்டுக்குச் சிறு தொகை. உங்கள் ஆய்வில் ஏதாவது ஒரு கொலைக்களம் தெரியவந்தால் — குறிப்பிட்ட வளைவில் மழை நாட்களில் தவளையும் பாம்பும் நசுங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம் — அப்போது இது நினைவிருக்கட்டும்.

கல்லூரி மாணவர்களுக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் செயல்திட்டம். சில ஆயிரம் ரூபாய்தான். துறைத் தலைவர், முதல்வர் வழியாகப் போக வேண்டும், பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். இவ்வளவுக்கு இவ்வளவா என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. உதகை அரசு கலைக் கல்லூரியில் காட்டுயிரியல் படிக்கும் மாணவர் ஒருவர் இந்தத் தொகையில் மூன்று ஒலிப்பதிவு நாட்களையும் ஒரு கள வரைபடத்தையும் முடித்தால், அடுத்த ஆண்டு ரஃபோர்டு விண்ணப்பத்தில் ‘முதற்கட்டத் தரவு’ என்ற பகுதி காலியாக இருக்காது. பெரிய நல்கைக்குப் போட்டியிடும்போது அந்தப் பகுதிதான் ஆளைத் தூக்கி நிறுத்துகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கென்றே முன்பு ஒரு சிறு நல்கைத் திட்டம் இருந்தது: 2008 முதல் 2015 வரை சிஇபிஎஃப் என்ற பன்னாட்டு நிதியத்தின் பணத்தில் பெங்களூருவின் ஏட்ரீ ஆய்வு நிறுவனம் நடத்தியது. அது முடிந்துவிட்டது. இன்றும் சில பட்டியல்களில் அதன் பெயர் இருக்கிறது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் அதில் முடிந்த ஆய்வுகளின் அறிக்கைகளைப் படிப்பது மிகப் பயனுள்ளது. நீங்கள் கேட்க நினைக்கும் கேள்வியை ஒருவர் ஏற்கெனவே பாதி தூரம் கொண்டுபோயிருக்கலாம்.

விருதுகள்

விருதை நல்கையோடு சேர்த்து எண்ணக் கூடாது. விருது முடிந்த வேலைக்கு. அதை நம்பி வரும் ஆண்டின் ஆய்வைத் திட்டமிட முடியாது. ஆனால் அந்தப் பணத்தில் நிபந்தனை குறைவு. தமிழ்நாடு அரசின் பசுமை முதன்மையாளர் விருது ஆண்டுக்கு 100 தனிநபர், அமைப்புகளுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழியே விண்ணப்பிக்க வேண்டும். சோலை மீட்பு, அன்னியச் செடி அகற்றல், பள்ளிகளோடு சேர்ந்த இயற்கைக் கணக்கெடுப்பு என்று செய்தவர்களுக்குப் பொருந்தும். விண்ணப்பத்தில் ‘விழிப்புணர்வு ஏற்படுத்தினோம்’ என்பதற்கு எடையில்லை. எந்தச் சர்வே எண்ணில், எத்தனை ஏக்கரில் சீகை (வாட்டில்) என்ற அன்னிய மரம் வெட்டி, எத்தனை சோலைக் கன்று நட்டு, இரண்டாம் ஆண்டில் எத்தனை உயிரோடு இருந்தன என்று எழுதுங்கள். தேதியிட்ட புகைப்படம் முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று எடுத்திருக்க வேண்டும்.

சேங்க்சுவரி அறக்கட்டளையின் மட் ஆன் பூட்ஸ் திட்டம், படிப்புச் சான்றிதழ் இல்லாமல் களத்தில் உழைப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு ஆதரவு தருவது. தானாக விண்ணப்பிப்பதை விட, அவரைத் தெரிந்த இன்னொருவர் முன்மொழிவதற்கே இது ஏற்றது. ஆராய்ச்சிக் கட்டுரைகளின் நன்றியுரையில் மட்டும் பெயர் வரும் பளியர் வழிகாட்டி, தோடர் குடியிருப்பான மந்தில் புல்வெளியை வாழ்நாளெல்லாம் கவனித்த பெரியவர், வேட்டைத் தடுப்புக் காவலர் இவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதித் தரும் ஆள்தான் குறைவு. முனைவர் பட்டம் பெற்ற ஒவ்வொருவரும் ஒரு முன்மொழிவாவது எழுத வேண்டும்; அந்தக் கடன் நம் எல்லோருக்கும் இருக்கிறது.

அனுமதியும் பருவமும்

பணம் எங்கிருந்து வந்தாலும் அனுமதி ஒன்றுதான். சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகத்துக்குள் ஆய்வுக்கு நுழைய 1972 வனவிலங்குச் சட்டத்தின் 28ஆம் பிரிவில் அனுமதி வேண்டும். தலைமை வன உயிரினக் காப்பாளர் சென்னையிலிருந்து தருவார். முதுமலை, முக்கூர்த்தி போலவே, 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் சரணாலயமும் இதில் அடங்கும். பறவையை வலையில் பிடிக்க, தவளையின் திசு எடுக்க 12ஆம் பிரிவில் தனி அனுமதி. அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் மத்திய அரசின் ஒப்புதலும் சேரும். லாங்வுட் சோலை போன்ற காப்புக்காட்டிலும் வனத்துறையைக் கேட்காமல் கருவி கட்ட முடியாது. கோப்பு சென்னையிலிருந்து மாவட்ட வன அலுவலருக்குக் கருத்துக் கேட்டு வந்து, திரும்பப் போகும். ஆகவே சென்னைக்கு அனுப்பும் முன்பே மாவட்ட வன அலுவலரையும் வனச்சரகரையும் நேரில் பார்த்து, வரைபடத்தில் இடங்களைக் காட்டிவிடுவது நல்லது. கருத்துக் கடிதம் எழுதும் கைக்கு உங்கள் முகம் தெரிந்திருக்க வேண்டும்.

திசு, மரபணு மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதென்றால் தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். சிறு நல்கை ஆய்வுக்கு இதைத் தவிர்த்து, இந்திய ஆய்வகத்தோடு சேர்வதே மேல்.

இதனால்தான் முதல் ஆய்வில் பாதி இடங்களையாவது தனியார் நிலத்தில் வைக்கச் சொல்கிறோம். தேயிலைத் தோட்டத்துச் சோலைத் துண்டு, பள்ளி வளாகம், பட்டா நிலத்து ஓடைக்கரை இங்கெல்லாம் குரல் பதிவு செய்ய நிலத்துக்காரர் கடிதம் போதும். பிடிப்பது, தொடுவது மட்டும் எங்கேயும் கூடாது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தீ அபாயத்தால் காட்டுக்குள் நுழைவை நிறுத்திவிட்டால், இந்த இடங்கள்தான் தரவைக் காப்பாற்றும்.

மழையும் ஒரே மாதிரி இல்லை. மேற்கே அவலாஞ்சி, மேல்பவானியில் தென்மேற்குப் பருவம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானலுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். ‘ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம்’ என்று பொதுவாக எழுதிய கால அட்டவணையைப் பார்த்தால், இந்த மலையைத் தெரியாதவர் எழுதியது என்று மதிப்பீட்டாளர் முடிவு கட்டிவிடுவார். வெளியூர் நண்பர்கள் உதவிக்கு வருவதானால் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு 2024 மே முதல் இருக்கும் இ-பாஸையும் நினைவில் வையுங்கள்.

கருவியைப் பற்றி ஒன்று. ஆடியோமாத் போன்ற பதிவிக்கு மூன்று ஏஏ பேட்டரி. சாதாரண ஆல்கலைன் பேட்டரி குளிரில் சக்தி இழக்கும். உறைபனி நாட்களில் விடியற்காலைப் பதிவு, நமக்கு வேண்டிய அதே நேரம், பாதியில் நின்றுவிடும். தானாகச் சக்தி இழக்காத ரீசார்ஜ் வகை நல்லது. உறைக்குள் ஒரு சிட்டிகை சிலிக்கா ஜெல் போடுங்கள். நீலம் இளஞ்சிவப்பானால் வாணலியில் மெல்லச் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். மைக்கின் துளைமேல் உள்ள மெல்லிய சவ்வில் ஒரு துளி நீர் நின்றாலே ஒலி அடைத்துப்போகும். சோலையில் மழை நின்ற பிறகும் பாசி மணிக்கணக்கில் சொட்டிக்கொண்டிருக்கும். ஆகவே சாய்ந்த மரத்தின் தரையை நோக்கிய பக்கம், காற்று வராத புறம், துளை கீழ்நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கும்படி நாடாவால் கட்ட வேண்டும். ஆணி அடிக்கக் கூடாது. நாட்டுக்குரங்கு பிடுங்காமலிருக்கத் தொங்கும் நாடா முனை ஒரு விரல் நீளம்கூட மிஞ்சாமல் வெட்டிவிடுங்கள். தமிழில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: பறவைக் குரல் பதிவு, அனுமதி எண், கைபேசி எண்.

அந்தப் பெட்டியில் மனிதர் பேச்சும் பதிவாகும் என்பதை ஊர்க்கூட்டத்தில் சொல்லியே ஆக வேண்டும். அதை என்ன செய்வீர்கள் என்று விண்ணப்பத்திலும் எழுதுங்கள். கூடு, அரிய மரம், குழிவிரியன் இருக்கும் இடத்தின் துல்லியமான ஆயங்களை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) பொது அறிக்கையில் போடாதீர்கள். சில நல்கையாளர்கள் இறுதி அறிக்கையை எல்லோரும் படிக்க வெளியிடுவார்கள். ஆர்க்கிட் திருடுபவரும் படிப்பார்.

யாருக்கு எது

பட்டப்படிப்பு மாணவர்: மாநில மன்றத்தின் மாணவர் செயல்திட்டம், தனியார் நிலத்தில் மூன்று இடம். வேறெதுவும் இந்த ஆண்டு வேண்டாம்.

முதுகலை முடித்து, பதிவு உள்ள அமைப்போடு தொடர்பு இருப்பவர்: ரஃபோர்டு. ஓர் இனத்தைப் பற்றி மட்டும் என்றால் முகமது பின் சயீத் நிதி. இரண்டுக்கும் ஒரே சமயத்தில் விண்ணப்பிக்கலாம், ஆனால் ஒவ்வொன்றிலும் மற்றதைக் குறிப்பிட்டு, எந்தச் செலவு வரி எதில் என்று பிரித்துக் காட்டுங்கள். ஒரே கருவிக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்குவது பெயரைக் கெடுக்கும். இந்த உலகம் சிறியது.

அப்படி அமைப்புத் தொடர்பு இல்லாதவர்: இந்தியப் பணம் மட்டும். கருவியை ஒரு பல்கலைக்கழகத் துறையிடம் இரவல் கேட்டால் நம் 2,56,300இல் கருவியின் 1,20,000 குறைந்து 1,36,300 ஆகிறது. அதன் மேல் வரும் எதிர்பாராச் செலவின் 12,000மும் போனால் 1,24,300. இந்த அளவுக்கு உள்ளூர்ச் சங்கமோ, தோட்ட நிறுவனமோகூடக் கை கொடுக்கும்.

பத்தாண்டுகளாகச் சோலை மீட்பு செய்யும் உள்ளூர்ச் சங்கம்: பசுமை முதன்மையாளர் விருது, பிறகு ஹேபிடட்ஸ் டிரஸ்ட். எஃப்சிஆர்ஏ பதிவு இருந்தால், இளம் ஆய்வாளர்களை ஏற்று நடத்துங்கள். அப்படி ஏற்கும் அமைப்புகள் நம் இரு மலைகளிலும் போதவில்லை. மார்ச் 31க்குள் பில், டிசம்பர் 31க்குள் ஆண்டறிக்கை என்ற சுமை அவர்கள் தோளில் இருக்கிறது என்பதை ஆய்வாளர்களும் உணர்ந்து, ஒவ்வொரு மாதமும் ரசீதைக் கொடுத்துவிட வேண்டும்.

சிரிப்பான் ஆய்வைப் பிப்ரவரியில் களத்தில் தொடங்க வேண்டுமானால் முந்தைய ஏப்ரலில் மாவட்ட வன அலுவலரைப் பாருங்கள். மே மாதம் ஏற்கும் அமைப்போடு ஒப்பந்தம். ஜூனில் அனுமதி விண்ணப்பமும் நல்கை விண்ணப்பமும் ஒரே வாரத்தில் போகட்டும். முகமது பின் சயீத் நிதிக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாட்களில் ஒன்று ஜூன் முடிவில் வரும், ரஃபோர்டுக்குத் தேதி பார்க்க வேண்டியதில்லை. ஆகஸ்டில் தோட்டக்காரர் கடிதங்கள். அக்டோபரில் அனுமதி நிலை என்னவென்று சென்னையில் ஒருமுறை நேரில் விசாரியுங்கள். ஜனவரியின் உறைபனி வாரத்தில், தனியார் நிலத்தில் இரண்டு கருவியை மட்டும் கட்டி, மூன்று இரவு ஓடவிட்டு, எந்த மணிக்குப் பதிவு நிற்கிறது என்று பாருங்கள். நின்றால் பேட்டரியை மாற்ற இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கும்.